கமான் பட்டையும் சோழவரம் ஓடுதளமும்

சோழவரம் ஓடுதளம் என்பது திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில், சென்னையிலிருந்து கல்கத்தா செல்லும் நெடுஞ்சாலைக்கு அருகே, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமைந்த விமான ஓடுதளமாகும். மீஞ்சூரிலிருந்து மேற்கே நேர்கோட்டில் அளந்தால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் இருக்கும். போர் முடிந்த பின் இந்த ஓடுதளம் சென்னையின் மோட்டார் பந்தயத் திடலாக மாறியது. ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் தென்னிந்தியாவில் மோட்டார் பந்தயம் என்றாலே சோழவரம் என்று பொருள்பட்டது.

அங்கு ஓடிய உள்நாட்டுக் கார்களில் பெரும்பாலானவை பின்சக்கர இழுவை கொண்டவை. அவற்றின் பின்னச்சைக் கமான் பட்டைகளே தாங்கின. மீன்பெட்டி ஏற்றும் பழைய பிக்கப் வண்டியின் பின்புறத்திலும் இதே அமைப்புதான் உண்டு. கொடி அசைந்ததும் நின்ற இடத்திலிருந்து பாய வேண்டிய வண்டி, சக்கரம் வெறுமனே சுற்றி நேரத்தை இழப்பது ஏன்? அதைத் தடுக்கப் பின்னச்சிலும் பட்டையிலும் என்ன செய்தார்கள்? இந்தக் கேள்விகளின் வரலாறு போர்க்கால ஓடுதளங்களின் வரலாற்றோடு பின்னிப் பிணைந்தது. இக்கட்டுரை அதைப் 'புறப்பாட்டுப் பிடிப்பு' என்ற பெயரில் விளக்குகிறது.

ஓடுதளங்கள் பந்தயத் திடல்களாகிய கதை

போர் முடிந்த 1945-இல் உலகெங்கும் நூற்றுக்கணக்கான விமான ஓடுதளங்கள் வேலையின்றிக் கிடந்தன. அவை நீளமானவை, சமதளமானவை, அகலமானவை. குறுக்கே ஆடு மாடு வராது, வளைவில் மரம் நிற்காது. பந்தயக்காரர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் குண்டுவீச்சு விமானத் தளம் 1948-இல் கார் பந்தயத் திடலானது. கல்கத்தாவுக்கு அருகே பாரக்பூர், பம்பாயில் ஜுஹு ஆகிய ஓடுதளங்களில் பந்தயங்கள் நடந்தன. இலங்கையில் களுத்துறைக்கு அருகிலுள்ள கட்டுக்குருந்தையிலும் இதே கதைதான். சென்னையில் 1953-இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தோன்றி, சோழவரத்தைத் தன் களமாக்கிக்கொண்டது. இலங்கையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் ஓட்டுநர்கள் வண்டிகளோடு இங்கு வந்து போட்டியிட்டார்கள்.

அமெரிக்காவில் அதே ஓடுதளங்கள் வேறொரு பந்தயத்தை வளர்த்தன. வளைவே இல்லாத நேர்ப்பாதையில் இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்று, சைகை கிடைத்ததும் பாய்ந்து, கால் மைல் தொலைவை, அதாவது சுமார் 402 மீட்டரை, யார் முதலில் கடக்கிறார் என்று பார்ப்பதே டிராக் பந்தயம். கலிஃபோர்னியாவின் சாண்டா ஆனாவில் விமான நிலைய ஓடுபாதை ஒன்றில் 1950-இல் வணிக முறையில் இது தொடங்கியது. மறு ஆண்டு வாலி பார்க்ஸ் என்பவர் தேசிய ஹாட் ராட் சங்கத்தை நிறுவினார். தெருவில் போட்டி போட்டு உயிரை விடும் இளைஞர்களை வேலியிட்ட ஓடுதளத்துக்குள் கொண்டுவருவது அச்சங்கத்தின் முதல் நோக்கங்களில் ஒன்று. சங்கத்தின் முதல் தேசியப் போட்டி 1955-இல் கான்சாஸ் மாநிலத்தின் கிரேட் பெண்ட் நகரில் நடந்தது. அதுவும் ஒரு போர்க்கால விமானத் தளமே. ஐரோப்பாவின் முதல் நிலையான டிராக் திடலான சாண்டா பாட், இங்கிலாந்தில் 1966-இல் பழைய பாடிங்டன் விமானத் தளத்தில் அமைந்தது.

வளைவுகள் உள்ள திடலில் தொடக்கத்தில் இழந்த நேரத்தைத் திறமையால் மீட்கலாம். கால் மைல் பந்தயத்தில் அது முடியாது. முதல் இருபது மீட்டரில் சக்கரம் சுழன்று வழுக்கினால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். அதனால்தான் பின்னச்சைப் பற்றிய நுட்பமான அறிவு பெரும்பாலும் டிராக் பந்தயக்காரர்களிடமிருந்து பிறந்தது.

வடசென்னையின் மோட்டார் சூழல்

சோழவரம் ஏதோ ஒரு மூலையில் கிடந்த திடல் அன்று. அதைச் சுற்றியிருந்த வட்டாரமே மோட்டார் தொழிலின் தொட்டில். மீஞ்சூருக்குத் தெற்கே எண்ணூரில், 1948-இல் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டியது. அதுவே 1955-இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. திருவொற்றியூரில் 1946-இல் பலூன் செய்யும் சிறு பட்டறையாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்டு நிறுவனத்தோடு கைகோத்து 1961-இல் டயர் தயாரிப்பில் இறங்கியது. பாடியில் 1960களின் தொடக்கத்தில் வீல்ஸ் இந்தியா, லூக்காஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் என்று உதிரிபாகத் தொழிற்சாலைகள் எழுந்தன. நகரின் மறுகோடியில், வண்டலூர்ப் பக்கம், ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி ஹெரால்டு கார்களைத் தயாரித்தது. சக்கரம், டயர், பிரேக், அச்சு எல்லாம் ஒரே நகரத்தில் கிடைத்தன. இந்த நெருக்கம் இல்லாமல் சோழவரம் அத்தனை ஆண்டுகள் நிலைத்திருக்குமா என்பது ஐயமே.

பிக்கப் ஏன் வழுக்குகிறது

பழைய பிக்கப் வண்டியில் எஞ்சின், கியர்பாக்ஸ், ஓட்டுநர் எல்லாம் முன்னால். பின்னால் இருப்பது வெறும் தகரத் தொட்டி. இழுக்கும் சக்கரமோ பின்சக்கரம். எடை ஓரிடத்தில், வேலை வேறிடத்தில் என்பதே இதன் குறை.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். வெற்று பிக்கப்பின் எடை 1,600 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதில் முன்சக்கரங்களில் 960 கிலோ, பின்சக்கரங்களில் 640 கிலோ. ஈர்ப்பு மையத்தின் உயரம் 0.65 மீட்டர். முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடைத்தூரம் 2.9 மீட்டர். டயருக்கும் தரைக்கும் உள்ள உராய்வுக் குணகம் 0.8.

வண்டி முன்னோக்கி முடுக்கம் பெறும்போது எடையின் ஒரு பகுதி பின்சக்கரத்துக்கு மாறுகிறது. பேருந்து சட்டென்று கிளம்பினால் நிற்பவர் பின்னால் சாய்வது போலத்தான் இது. மாறும் எடையைக் காண, வண்டியின் எடையை முடுக்கத்தாலும் ஈர்ப்பு மைய உயரத்தாலும் பெருக்கி, அச்சு இடைத்தூரத்தால் வகுக்க வேண்டும். முடுக்கம் புவிஈர்ப்பு முடுக்கத்தில் 0.4 பங்கு என்றால், மாறும் எடை 1,600 × 0.4 × 0.65 ÷ 2.9, அதாவது சுமார் 143 கிலோ. பின்சக்கரங்களில் இப்போது 783 கிலோ இருக்கிறது. அதன் 0.8 பங்கு 626 கிலோ. இவ்வளவு விசைதான் தரை தாங்கும். 1,600 கிலோ வண்டிக்கு அது 0.39 பங்கு முடுக்கத்தையே தரும். எஞ்சினில் எத்தனை குதிரைத்திறன் இருந்தாலும் இந்த வண்டி அதற்கு மேல் பாயாது. மிச்ச சக்தி டயரைத் தேய்த்துப் புகையாகும்.

அதே வண்டியில் முன்னும் பின்னும் சரிபாதி எடை இருந்தால் எல்லை 0.49 ஆக உயரும். இந்த வித்தியாசத்துக்காகத்தான் பந்தயக்காரர்கள் பேட்டரியைக் கழற்றிப் பின்னால் வைத்தார்கள். முன்னச்சுக்குச் சற்று முன்னாலிருந்த 25 கிலோ பேட்டரியைப் பின்னச்சுக்கு அரை மீட்டர் பின்னால் வைத்தால், பின்சக்கரத்தின் மேல் ஏறும் எடை சுமார் 31 கிலோ. வைத்த எடையைவிடக் கிடைத்த எடை கூடுதல். நெம்புகோல் தத்துவம் படித்தவர்க்கு இது வியப்பாக இராது.

பழவேற்காட்டுப் பக்கம் ஐஸ் பெட்டியும் மீனும் ஏற்றிய பிக்கப் ஈரச் சாலையில் அமைதியாகக் கிளம்புவதும், இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும்போது அதே இடத்தில் சக்கரம் சுற்றுவதும் இந்தக் கணக்கின் இரு பக்கங்களே. சுமைக்காகச் செய்த கடினமான பட்டை, சுமையின்றி இருக்கும்போது வண்டியைத் துள்ள வைக்கும். துள்ளும் சக்கரத்துக்குப் பிடிப்பு ஏது?

இங்கே பரவலான ஒரு தவறான எண்ணத்தையும் சொல்ல வேண்டும். கிளம்பும்போது வண்டியின் பின்பக்கம் நன்றாகக் குந்தினால் பிடிப்பு கூடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். மாறும் எடையின் அளவைத் தீர்மானிப்பவை முடுக்கமும் ஈர்ப்பு மைய உயரமும் அச்சு இடைத்தூரமும் மட்டுமே. ஸ்பிரிங் மென்மையாக இருப்பதால் எடை கூடுதலாக மாறுவதில்லை. மாறும் வேகமும் விதமும் வேறுபடும், அவ்வளவுதான்.

பட்டை முறுக்கிக்கொள்ளும் விதம்

கமான் பட்டை பழைய பொருள். லண்டன் வண்டித் தச்சர் ஒபடையா எலியட் 1804-இல் நீள்வட்ட வடிவப் பட்டை வில்லுக்குக் காப்புரிமை பெற்றார். குதிரை வண்டியிலிருந்து அது மோட்டார் வண்டிக்கு வந்தது. குதிரை வண்டியில் பட்டைக்கு ஒரே வேலை: சுமையைத் தாங்குவது. மோட்டார் வண்டியில் வேலை பெருகியது. ஹாட்ச்கிஸ் இழுவை என்று அழைக்கப்படும் அமைப்பில், பின்னச்சை இடத்தில் நிறுத்துவதும், வண்டியை முன்னால் தள்ளுவதும், அச்சின் முறுக்கைத் தாங்குவதும் அதே பட்டையின் பொறுப்பாயின. ஒரே ஆள் நான்கு வேலை பார்ப்பது போன்ற இந்த ஏற்பாடு மலிவானது, உறுதியானது. பந்தயத்துக்கு மட்டும் போதாது.

நியூட்டனின் மூன்றாம் விதியை நினைவில் கொள்ள வேண்டும். பின்னச்சு சக்கரத்தை முன்னோக்கிச் சுழற்றுகிறது. அதற்கு எதிர்விளைவாக அச்சின் கூடு எதிர்ப்பக்கம் சுழல முயல்கிறது. புரொப்பெல்லர் ஷாஃப்ட் வந்து சேரும் பினியன் பக்கம் மேல்நோக்கி எழும்புகிறது. அச்சு பட்டையின் மேல் யு போல்ட்டால் இறுக்கப்பட்டிருப்பதால், பட்டையின் முன்பாதி மேல்நோக்கியும் பின்பாதி கீழ்நோக்கியும் வளைகிறது. பக்கவாட்டில் பார்த்தால் பட்டை பாம்பு போல நெளிந்திருக்கும்.

நெளிந்த பட்டை சும்மா இராது. டயர் வழுக்கியதும் முறுக்கு குறைகிறது, பட்டை சட்டென்று நிமிர்கிறது, டயர் மறுபடி தரையைப் பற்றுகிறது, பட்டை மறுபடி நெளிகிறது. நொடிக்குப் பலமுறை இது நடக்கும்போது பின்சக்கரம் தடதடவென்று குதிக்கும். இந்தக் குதிப்பில் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் இணைப்பு உடையலாம், கிரவுன் வீலின் பல் போகலாம், சென்டர் போல்ட் அறுந்து அச்சே இடம் மாறலாம்.

வண்டியைத் தாழ்த்துவதற்காக அச்சுக்கும் பட்டைக்கும் இடையில் கட்டை வைப்பது இன்றும் வழக்கம். பார்வைக்கு அழகு. ஆனால் அச்சு பட்டையிலிருந்து விலக விலக, பட்டையை முறுக்கும் நெம்புகோல் நீளுகிறது. நெளிவு அதிகமாகிறது. பட்டையை உலையில் வைத்துச் சூடாக்கித் தாழ்த்துவது இன்னும் மோசம். எஃகுக்கு ஏற்றிய பதம் இறங்கிவிடும். பிறகு அது வில் அல்ல, வெறும் இரும்புப் பட்டை.

முறுக்கைத் தடுத்த வழிகள்

1950களில் அமெரிக்கப் பந்தயக்காரர்கள் கண்ட முதல் மருந்து மிக எளியது. அச்சோடு சேர்த்து, பட்டைக்குக் கீழே முன்னோக்கி நீளும் இரும்புத் தண்டு ஒன்றைப் பொருத்தினார்கள். அதன் முனையில் ரப்பர்க் கட்டை. அச்சின் கூடு மேல்நோக்கிச் சுழல முயன்றால், தண்டின் முனை பட்டையின் முன்கண்ணுக்குக் கீழே போய் முட்டும். சுழற்சி அங்கே நின்றுவிடும். இதற்கு டிராக்ஷன் பார் என்று பெயர்.

தண்டு வண்டியின் உடலை மேலே தள்ளுகிறது. மேலே தள்ளும் விசைக்குச் சமமாக அச்சும் டயரும் கீழே அழுத்தப்படுகின்றன. உடல் மேலெழும் அந்த ஒரு நொடிக்குள் டயருக்குக் கூடுதல் அழுத்தம் கிடைக்கிறது. கிளம்பும்போது பின்பக்கம் குந்தாமல் சற்று உயரும் வண்டி நன்றாகப் பாய்வதன் காரணம் இதுதான்.

கிரைஸ்லர் நிறுவனத்தார் தண்டு இல்லாமலேயே ஒரு தீர்வு கண்டார்கள். அந்நிறுவனத்தின் பொறியாளர்கள் சிலர் 1950களின் இறுதியில் ராம்சார்ஜர்ஸ் என்ற பெயரில் குழுவாகச் சேர்ந்து, வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் பந்தய வண்டி கட்டினார்கள். அவர்களது முதல் வண்டி 1949-ஆம் ஆண்டு பிளிமத். அதை வேண்டுமென்றே கொக்குபோல உயர்த்தியிருந்தார்கள். ஈர்ப்பு மையம் உயர்ந்தால் மாறும் எடை கூடும் என்ற மேற்கண்ட கணக்குதான் அதற்குக் காரணம். பார்த்தவர்கள் சிரித்தார்கள். வண்டி பந்தயத்தில் பதில் சொன்னது. பின்னர் கிரைஸ்லர் பந்தயத்துக்கென்று தனிப் பட்டைகளை விற்றது. அவற்றில் அச்சு பட்டையின் நடுவில் இல்லாமல் முன்னால் தள்ளி அமர்ந்தது. முன்பாதி குட்டையாகவும் விறைப்பாகவும் இருந்து டிராக்ஷன் பாரின் வேலையைச் செய்தது. பின்பாதி நீளமாக, மென்மையாக வளைந்து குலுக்கலை ஏற்றது. பழைய வண்டியில் பட்டைகளின் முன்பாதியை மட்டும் கூடுதல் கவ்விகளால் இறுக்குவதும், பின்பாதியைத் தளர்வாக விடுவதும் இதே தத்துவத்தின் மலிவுப் பதிப்பு.

பிக்கப் வரிசையில் செவ்ரோலெட் 1960-இல் வேறு வழியில் போனது. அதன் சி10 வண்டியில் பின்பக்கக் கமான் பட்டையை நீக்கிவிட்டு, சுருள் ஸ்பிரிங்கும் அச்சிலிருந்து முன்னோக்கி நீளும் இரண்டு நீண்ட கரங்களும் வைத்தார்கள். சுமையைச் சுருள் தாங்கும், முறுக்கைக் கரம் தாங்கும். நான்கு வேலை பார்த்த ஆளுக்கு உதவியாள் கிடைத்தது. அமெரிக்கத் திடல் பந்தயமான நாஸ்கார் இந்தக் கர அமைப்பைப் பிக்கப்பிலிருந்து எடுத்துக்கொண்டு பல பத்தாண்டுகள் கைவிடவில்லை. 1973-இல் செவ்ரோலெட் தன் பிக்கப்புக்கே மறுபடி கமான் பட்டையைப் பூட்டியதுதான் வேடிக்கை. சுமை ஏற்றுபவருக்கு அது போதும்.

பிக்கப்பின் குறையைத் தலைகீழாக்கிய வண்டி ஒன்றும் உண்டு. 1965-ஆம் ஆண்டு டாட்ஜ் ஏ100 என்ற சிறு பிக்கப்பில் ஓட்டுநர் முன்னச்சின் மேலேயே அமர்வார். அச்சு இடைத்தூரம் 90 அங்குலம் மட்டுமே. அதன் தொட்டியில், ஓட்டுநர் அறைக்குப் பின்னால், 426 கன அங்குல ஹெமி எஞ்சினைப் பொருத்தி 'லிட்டில் ரெட் வேகன்' என்ற வண்டியைக் கட்டினார்கள். எடை முழுவதும் பின்னால் போனது. விசையை அழுத்தியதும் முன்சக்கரங்கள் வானத்தைப் பார்த்தன. போட்டிக்குக் கட்டிய வண்டி, பில் கோல்டன் என்பவர் கையில் பல ஆண்டுகள் பின்காலில் நடக்கும் வேடிக்கை வண்டியாகவே புகழ்பெற்றது. முன்சக்கரம் தரையை விட்டதும் மொத்த எடையும் ஏற்கெனவே பின்னால் வந்துவிட்டது. அதற்கு மேல் தூக்குவதால் வேகத்துக்குப் பயனில்லை. கூட்டத்துக்கு மட்டும் பயன்.

வலது சக்கரம் ஏன் முதலில் சுற்றுகிறது

கருஞ்சாலையில் பழைய பின்சக்கர இழுவை வண்டி பாய்ந்து கிளம்பினால், பெரும்பாலும் ஒரே ஒரு கறுப்புக் கோடு விழும். அது வலது சக்கரத்தின் கோடு. முன்னாலிருந்து பார்த்தால் எஞ்சின் கடிகார முள் திசையில் சுற்றுகிறது. புரொப்பெல்லர் ஷாஃப்ட் அதே திசையில் பின்னச்சை முறுக்குகிறது. அதனால் இடது சக்கரம் தரையில் அழுந்துகிறது, வலது சக்கரம் இலேசாகிறது.

எஞ்சினின் முறுக்குவிசை 10 கிலோகிராம்-மீட்டர், முதல் கியரின் விகிதம் 3.8, இரண்டு பின்சக்கரங்களுக்கு இடையே 1.35 மீட்டர் என்றால், வலதில் குறையும் எடை 28 கிலோ வரை போகும். இடதில் அதே அளவு கூடும். உடல் சாய்வதால் இதில் ஒரு பகுதி ஈடாகும், முழுவதும் அல்ல. சாதாரண டிஃபரன்ஷியல் இரு சக்கரத்துக்கும் சம முறுக்கையே கொடுக்கும். எனவே இலேசான சக்கரம் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் கனமான சக்கரத்துக்கும் கிடைக்கும். வலது பட்டையைச் சற்று விறைப்பாக வைப்பதும், கிரைஸ்லர் தன் பந்தயப் பட்டைகளில் வலப்பக்கத்துக்கு வலுக் கூட்டியதும் இதற்காகவே. நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்வதால் அவருடைய எடை கொஞ்சம் உதவுகிறது. அமெரிக்க ஓட்டுநருக்கு அந்த வாய்ப்பில்லை.

அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு

சோழவரத்தில் ஓடிய உள்நாட்டு வண்டிகளைப் பின்னச்சு நோக்கில் இரண்டாகப் பிரிக்கலாம். மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையிலிருந்து பிறந்த அம்பாசடரும், 1,089 சி.சி. ஃபியட் 1100-ம் ஒரு பக்கம். இரண்டிலும் விறைப்பான பின்னச்சு, இரு பக்கமும் நீளவாக்கில் கமான் பட்டை. பிக்கப்புக்குச் சொன்னதெல்லாம் இவற்றுக்கும் பொருந்தும். எஞ்சினின் வலு குறைவு என்பதால் அமெரிக்க வண்டிகள் அளவுக்குப் பட்டை நெளியாது என்பதே வேறுபாடு. ஆனால் கிளட்ச்சைச் சட்டென்று விட்டால் குறைந்த வலுவுள்ள எஞ்சினும் சுழல்சக்கரத்தில் சேர்த்த சக்தியை ஒரே அடியாகப் பின்னச்சில் இறக்கும்.

மறுபக்கம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இதற்கு ஒரே ஒரு பட்டை, அதுவும் குறுக்குவாக்கில். அச்சின் இரு பாதிகளும் நடுவிலிருந்து இறக்கை போல் மேலும் கீழும் அசையும். டிஃபரன்ஷியல் சட்டத்தில் பூட்டப்பட்டிருப்பதால் பட்டை நெளியும் சிக்கல் இல்லை. வலது சக்கரம் இலேசாகும் சிக்கலும் பெருமளவு இல்லை. காகிதத்தில் பார்த்தால் புறப்பாட்டுக்கு இதுவே மேல். ஆனால் பின்பக்கம் குந்தும்போது சக்கரங்களின் மேல்பகுதி உட்புறம் சாய்ந்து, டயரின் உள்விளிம்பு மட்டும் தரையைத் தொடும். வளைவில் உடல் எழும்பினால் சக்கரம் எதிர்ப்பக்கம் மடங்கும் ஆபத்தும் உண்டு. 1972-இல் ஸ்டாண்டர்டு நிறுவனம் ஹெரால்டிலிருந்து உருவாக்கிய கஜல் காரில் இந்த இறக்கை அச்சைக் கைவிட்டு, சாதாரண விறைப்பான பின்னச்சுக்குத் திரும்பியது. உலகம் முழுவதும் தனித்தனிச் சக்கரத் தொங்கலை நோக்கிப் போன காலத்தில் சென்னையில் ஒரு கார் பின்னோக்கி நடந்தது. அதைப் பின்னடைவு என்று சொல்லிவிட முடியாது. எந்த ஊர்ப் பட்டறையிலும் பழுது பார்க்கக்கூடிய அச்சு இங்கே பெரிய வசதி.

1980களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா ஓட்டிய என்சைன் ஃபார்முலா 1 வண்டி போன்றவை சோழவரத்துக்கு வந்தபோது நிலைமை தெளிவானது. எஞ்சின் ஓட்டுநருக்குப் பின்னால், இழுக்கும் சக்கரத்துக்குப் பக்கத்தில். பேட்டரியை நகர்த்த வேண்டிய தேவையே அங்கில்லை.

1983-இல் வந்த மாருதி 800 இதற்கு நேர் எதிர். அது முன்சக்கர இழுவை. கிளம்பும்போது எடை பின்னால் மாறுவதால் இழுக்கும் சக்கரமே இலேசாகிறது. இது பந்தயத்துக்கு ஆகாது என்று பலர் ஒதுக்கியிருக்கக்கூடும். கோயம்புத்தூர் சுந்தரம் கரிவரதன் அதே எஞ்சினை எடுத்து, ஓட்டுநர் முதுகுக்குப் பின்னால் வைத்து, பின்சக்கரத்தை இழுக்கச் செய்து, 1988-இல் ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கை வண்டியைக் கொண்டுவந்தார். மலிவான எஞ்சின், சரியான இடம். இந்தியப் பந்தய ஓட்டுநர்களில் ஒரு தலைமுறையே அந்த வண்டியில்தான் பழகியது.

ஷாக் அப்சார்பரும் சாலையும்

புறப்பாட்டுக்காகச் செய்யும் மாற்றங்களில் மிகவும் தவறாகப் பயன்படுத்தப்படுவது முன்பக்க ஷாக் அப்சார்பர். டிராக் பந்தயத்தில் தொண்ணூறுக்குப் பத்து என்றொரு வகை உண்டு. முன்பக்கம் மேலெழும்போது அது பத்துப் பங்கு தடையே கொடுக்கும். கீழிறங்கும்போது தொண்ணூறு பங்கு தடை. எடை வேகமாகப் பின்னால் போக வேண்டும், திரும்ப அவசரப்பட்டு முன்னால் வரக்கூடாது என்பது நோக்கம். கால் மைல் நேர்ப்பாதையில் இது அருமையான உபாயம்.

சாலையில் இதே ஷாக் கொலைகாரன். குறுக்கே ஒரு குழந்தை ஓடிவந்து பிரேக்கை மிதித்தால், எடை முன்சக்கரத்துக்கு உடனே வந்தாக வேண்டும். பிரேக்கின் பெரும்பங்கு வேலை முன்சக்கரத்தில்தான் நடக்கிறது. மேடு பள்ளத்தில் மேலெழுந்த முன்பக்கம் திரும்பக் கீழிறங்கத் தயங்கினால் டயர் தரையை ஒட்டி நிற்காது. டிராக்ஷன் பாரும் அப்படித்தான். ரப்பர்க் கட்டைக்கும் பட்டைக்கண்ணுக்கும் இடைவெளி இல்லாமல் பூட்டினால் வேகத்தடையில் பின்னச்சு வளைந்து கொடுக்காது. முன்பக்கத்துக்கு எடை குறைந்த ஒல்லி டயர் பூட்டுவதும் பிடிப்பைப் பின்னால் கூட்டி, நிறுத்தும் திறனை முன்னால் குறைக்கும் வேலையே. ஓடுதளத்தில் சரியாக இருப்பது சாலையில் குற்றமாகிவிடுகிறது.

வண்டி நிற்க வேண்டிய தூரத்தையும் கணக்கிடலாம். மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில், புவிஈர்ப்பில் 0.6 பங்கு வேகக் குறைப்போடு பிரேக் பிடித்தால், வண்டி நிற்க ஏறத்தாழ 167 மீட்டர் ஆகும். ஓட்டுநர் சுதாரித்து மிதிக்க ஒரு நொடி ஆனால் அதோடு 44 மீட்டர் சேரும். கால் மைல் பந்தயத்துக்கு 402 மீட்டர் பாதை போதாது, நிற்பதற்கும் ஏறத்தாழ அதே அளவு பாதை வேண்டும் என்று அமைப்பாளர்கள் வற்புறுத்துவது இதனால்தான். விமான ஓடுதளத்தில் அது இயல்பாகவே கிடைத்தது.

சோழவரத்துக்குப் பின்

மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் திருப்பெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாகப் பந்தயத் திடல் அமைத்து, 1990-இல் அங்கு போட்டிகளைத் தொடங்கியது. அதோடு சோழவரத்தின் பெரும் பந்தயக் காலம் முடிந்தது. கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் இறந்தார். அவர் பெயரில் 2003-இல் கோவை செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீடுவே திறக்கப்பட்டது. தேசிய மோட்டார்சைக்கிள் டிராக் பந்தயங்கள் இருங்காட்டுக்கோட்டைத் திடலில் நடத்தப்பட்டு வருகின்றன. மோட்டார்சைக்கிளில் அச்சு இடைத்தூரம் குட்டை, ஓட்டுநரோடு சேர்ந்த ஈர்ப்பு மையம் உயரம். ஆகவே அங்கே சிக்கல் பிடிப்பின்மை அன்று, முன்சக்கரம் தூக்குவது.

பிக்கப் வண்டிகளில் கமான் பட்டை இன்னும் போகவில்லை. 1988-இல் வந்த டாட்டாமொபைல் பின்னால் பட்டையோடுதான் வந்தது. அதன் வழிவந்தவையும் மற்ற நிறுவனங்களின் சுமை பிக்கப்புகளும் பெரும்பாலும் அதே அமைப்பையே வைத்திருக்கின்றன. தொழிற்சாலையிலேயே முன்பாதியைக் குட்டையாக்குவது, நீளமான பட்டையைப் பயன்படுத்துவது போன்ற பாடங்கள் சத்தமின்றி உள்ளே நுழைந்துவிட்டன.

சோழவரத்துக்கும் மீஞ்சூருக்கும் இடையில் இப்போது வேறொரு நேர்ப்பாதை வந்திருக்கிறது. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை சுமார் 62 கிலோமீட்டர் நீளும் சென்னை வெளிவட்டச் சாலை அது. அகலமானது, சமமானது, இரவில் ஓரளவு வெறிச்சோடியது. இரவு நேரங்களில் இதில் இளைஞர்கள் பந்தயம் விடுவதும் காவல்துறை வண்டிகளைப் பறிமுதல் செய்வதும் செய்தித்தாள்களில் வருகின்றன. 1950-இல் சாண்டா ஆனாவில் ஓடுபாதையைத் திறந்துவிட்டவர்கள் எதிர்கொண்ட நிலையும் ஏறத்தாழ இதுதான். வெளிவட்டச் சாலையில் சரக்கு லாரியும், விடிகாலையில் பழவேற்காட்டு மீன் வண்டியும் வருகின்றன. நிற்பதற்கென்று ஒதுக்கிய பாதை அங்கே கிடையாது.